நெஞ்சுப் படபடப்பு: சமாளிச்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ

வணக்கம் அக்காமார், அண்ணாமார். நான் புதுக்குடியிருப்புப் பக்கம். ரெண்டு மாசமா வாசலிலை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடெண்டு அடிக்குது, உள்ளங்கை வேர்த்துக் குளிருது. கடன் கட்டுற நாள் கிட்ட வந்தால் இன்னும் மோசம். நேற்று அரிசி களைஞ்சுகொண்டு நிண்டனான், அரிக்கன்சட்டி கையாலை நழுவி அரிசி முழுக்க நிலத்திலை. சின்னவள் பயந்துபோய்ச் சுவரோடை ஒட்டிக்கொண்டு நிண்டாள். அவளின்ரை முகத்தைப் பாத்த பிறகுதான் இதை எழுதத் துணிஞ்சன்.

ஈசிஜி எடுத்தாச்சு, இதயத்திலை ஒண்டுமில்லை எண்டு டொக்டர் சொல்லிட்டார். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவா விடச் சொன்னார். மூச்சை நீட்டி விடேக்கை இதயத் துடிப்புத் தணியுமாம். செய்தால் கொஞ்ச நேரத்திலை அடங்குது, உண்மைதான். பின்னேரப் பிளேன்ரீயையும் விட்டிட்டன். ஆனால் விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வந்தால் கடைசி யுத்தம் நடந்த 2009 சித்திரைதான் கண்ணுக்கு முன்னாலை நிக்குது. அதுக்கு மூச்சு மட்டும் காணாது.

1926 மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துக் கதைச்ச ஆக்கள் இருக்கிறீங்களோ? தமிழிலை ஆறுதலாக் கதைக்கினமோ? முல்லைத்தீவு, கிளிநொச்சியிலை உளநல கிளினிக் என்ன நாளிலை நடக்குது? பெண் டொக்டர் எண்டால் நல்லது. "விசருக்கு மருந்து எடுக்கிறாள்" எண்டு சனம் கதைக்குமெண்டு அம்மா பயப்பிடுறா. எனக்கு அந்தப் பயமில்லை, சுகப்படோணும்.

இரவிலை முழிப்பு வந்தால் நீங்கள் என்ன செய்யிறனீங்கள்? எல்லாருக்கும் முன்னாலை எழுத ஒரு மாதிரி எண்டால் தனிய எழுதுங்கோ.