பாட்டியின் வாழ்க்கையை எழுதி வைக்க வேண்டும், எங்கிருந்து தொடங்குவது?

ஊசிநூல் கேட்டது:

என்னை வளர்த்த பாட்டி சில மாதங்களுக்கு முன்னால் காலமானார். நிறைவாக வாழ்ந்துவிட்டுத்தானே போனார் என்று எல்லோரும் சொல்கிறார்கள், சரிதான், ஆனால் எனக்கு அதில் மனசு ஆறவில்லை. அவரைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் மாதிரி எழுதி, குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுக்க ஆசை. உட்கார்ந்தால் "அன்பானவர், பொறுமைசாலி, யார் மனமும் நோகப் பேசமாட்டார்" என்றுதான் வருகிறது. அத்தனையும் உண்மை, ஆனால் படித்துப் பார்த்தால் யாருடைய பாட்டிக்கும் பொருந்துகிறது, என் பாட்டியைக் காணவில்லை.

கையில் இருப்பவை: கொஞ்சம் பழைய படங்கள், அவர் பேசி, பாடிப் பதிந்த ஒரு கேசட், என் போனில் அவர் அனுப்பிய குரல் பதிவுகள், அப்புறம் ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் சுற்றிய அவருடைய கண்ணாடி. அவருடைய தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, இன்னும் இருக்கிறார். நான் பிறந்த பிறகான பாட்டியைத்தான் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர் யாராக இருந்தார் என்பதை எப்படிப் பிடிப்பது?

பழையபேனா:

எழுதுவதைத் தள்ளி வையுங்கள், முதலில் சின்னப் பாட்டியைப் போய்ப் பாருங்கள். முடிந்தால் இந்த வாரமே. படங்களையும் கையோடு எடுத்துப் போங்கள்.

"அக்கா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், உங்களுக்கு வந்த அதே நாலு நல்ல வார்த்தைதான் அவருக்கும் வரும். சின்ன வயதில் யார் பக்கத்தில் யார் படுப்பீர்கள், எதற்கு அடி வாங்கினீர்கள், அக்கா எதைக் கண்டால் பயப்படுவார், கல்யாணமாகிப் போன அன்று என்ன சொல்லிவிட்டுப் போனார், இப்படிக் கேளுங்கள். வயதானவர்களுக்குப் போன வாரம் நடந்தது மறந்துபோகும், ஆனால் சுமார் 10 வயதிலிருந்து 30 வயது வரை நடந்தவை மற்ற வயதுகளைவிட அதிகமாக நினைவில் நிற்கும். நினைவாற்றலை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. உங்களுக்குத் தெரியாத பாட்டி இருப்பதும் அந்த வயதில்தான்.

சொன்னதையே திரும்பச் சொன்னால் "இதைச் சொல்லிட்டீங்க" என்று மறிக்காதீர்கள். முதுமையில் வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது இயல்பான மன வேலை, அதைத் தள்ளாமை என்று ஒதுக்கக் கூடாது என்று ராபர்ட் பட்லர் என்ற மனநல மருத்துவர் 1963லேயே எழுதினார். இரண்டாம் தடவை சொல்லும்போதுதான் முதல் தடவை விட்டுப்போன ஆள் ஒருவர் கதைக்குள் வருவார்.

அமெரிக்காவில் ஸ்டோரிகார்ப்ஸ் என்று ஒரு அமைப்பு 2003 முதல் சாதாரண மனிதர்களின் பேச்சைப் பதிந்து சேர்க்கிறது. தெரிந்தவர்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து 40 நிமிடம் பேசுவார்கள், அவ்வளவுதான். அந்த அளவு நேரம் போதும், அதற்கு மேல் போனால் அவருக்குக் களைப்பாகிவிடும். மீதியை இன்னொரு நாள் கேளுங்கள்.

இரவல்குடை:

பொருட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன், இவற்றை விட்டுவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். குரல் பதிவுகளை இன்றைக்கே போனிலிருந்து வெளியே எடுத்து வேறு இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். கேசட்டை ஆசைக்காகப் போட்டுப் போட்டுக் கேட்காதீர்கள். பழைய நாடா சிக்கினால் போச்சு. நல்ல நிலையில் இருக்கும் கருவியில் ஒரே தடவை ஓடவிட்டு, அப்போதே கணினியில் ஏற்றிவிடுங்கள்.

ஒட்டும் தாள் ஆல்பத்தில் படங்கள் இருந்தால் அந்தப் பசை படத்தையே தின்றுவிடும், வலிந்து பிய்க்காமல் முதலில் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படமென்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். உறவினரிடம் படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். படத்தில் யார் யார் என்பதைப் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

மாடிவிளக்கு:

குணத்தை எழுதாமல் அவர் செய்ததை எழுதுங்கள். என் பாட்டி அன்பானவர் என்று நான் எங்குமே எழுதவில்லை. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டார், கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்து வேறு எதையோ பார்த்துக்கொண்டே கட்டைவிரலைப் பிடித்து அமுக்குவார், தூங்கிவிட்டோம் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் விடமாட்டார். இதை எழுதினேன், என் அண்ணன் படித்துவிட்டுப் போன் செய்து பேச முடியாமல் வைத்துவிட்டான்.

இன்னொன்று, கோபங்களையும் எழுதுங்கள். என் பாட்டி சொந்தத் தம்பியோடு வருஷக்கணக்கில் பேசவில்லை, அதை எழுதக் கூடாது என்று வீட்டில் ஒரே சத்தம். நான் எழுதினேன். அவர் வைராக்கியம் தெரியாமல் அவரைத் தெரியாது. உயிரோடு இருக்கும் யாரையாவது அது காயப்படுத்தும் என்றால் மட்டும் அவர்களிடம் முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

ஊசிநூல்:

எல்லோருக்கும் நன்றி. சின்னப் பாட்டியிடம் போய்வந்தேன். பாட்டியின் மோவாயில் ஒரு தழும்பு உண்டு, மாடிப்படியில் விழுந்தது என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். படத்தைக் காட்டியதும் சின்னப் பாட்டி சிரித்துவிட்டார். அக்கா வீட்டுக்குத் தெரியாமல் சைக்கிள் பழகினாளாம், இவர்தான் காவலாம், விழுந்ததும் படியில் விழுந்ததாகச் சொல்லிவிடு என்று சத்தியம் வாங்கினாளாம்! பாட்டியை யாரோ "அவள்" என்று சொல்லிக் கேட்டதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை, படிதான், அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள் என்கிறார். எதை எழுத?

பழையபேனா:

இரண்டையும். யார் சொன்னது என்று பெயரோடு எழுதுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மாமா பொய் சொல்லவில்லை, பாட்டி மகனிடமும் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கலாம், அதுவும் அவரைப் பற்றிய செய்திதான். அது சரி, அந்தச் சைக்கிள் யாருடையது என்று கேட்டீர்களா?