குறைந்த செலவில் தலைக்கவசம்: எதில் சிக்கனம் செய்யலாம், எதில் கூடாது?

கேள்வி: புதுச்சக்கரம்

அனைவருக்கும் வணக்கம். அண்மையில்தான் ஓட்டுநர் உரிமம் பெற்று, பழைய 150 சிசி வண்டி ஒன்றை வாங்கினேன். கையிருப்பில் பெரும்பகுதி வண்டிக்கே போய்விட்டதால், தலைக்கவசத்துக்கு ஒதுக்கக்கூடிய தொகை குறைவாகவே இருக்கிறது. அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அதில் பாதி நெரிசலான சாலை, மீதி நெடுஞ்சாலை. நான் மூக்குக் கண்ணாடி அணிபவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பார்த்தவற்றில் மூன்று மனத்தில் நிற்கின்றன. ஒன்று, பாலிகார்பனேட் மேலோடு கொண்ட முழுமுகக் கவசம், ஈ.சி.இ. என்ற ஐரோப்பியப் பாதுகாப்புச் சான்று பெற்றது, புதியவை இரண்டில் விலை குறைந்தது. இரண்டாவது, அதைப் போல் இரு மடங்கு விலையுள்ள ஃபைபர்கிளாஸ் கவசம். அதுவும் சான்று பெற்றதே. மூன்றாவது, நண்பர் ஒருவர் மூன்றாண்டுகள் அணிந்த விலையுயர்ந்த கவசம். அதை மிகக் குறைந்த தொகைக்குத் தருவதாகச் சொல்கிறார். விலை அதிகமானால் பாதுகாப்பும் அதிகமாகுமா, அல்லது அந்தக் கூடுதல் தொகை வேறு எதற்காவது போகிறதா என்பதே என் முதன்மையான ஐயம். நண்பருடையதை வாங்கினால் மேல்தரமான ஒன்று மலிவாகக் கிடைத்துவிடும் என்ற ஆசையும் இருக்கிறது.

மறுமொழி: நெடுவழி

தம்பி, உங்கள் முதன்மையான ஐயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். விலையும் பாதுகாப்பும் ஓர் அளவு வரைதான் சேர்ந்து நடக்கும். சான்று பெறாத, சாலையோரத்தில் குவித்து வைத்து விற்கப்படும் தொப்பிக்கும் சான்று பெற்ற மலிவான முழுமுகக் கவசத்துக்கும் இடையே உள்ள தூரம் மிகப் பெரிது. அந்த மலிவான கவசத்துக்கும் அதைவிட ஐந்து மடங்கு விலையுள்ளதற்கும் இடையே உள்ள தூரமோ பெரும்பாலும் எடை, சத்தம், காற்றோட்டம், வண்ண வேலைப்பாடு ஆகியவற்றைச் சார்ந்தது. பிரிட்டன் அரசின் போக்குவரத்துத் துறை நடத்தும் 'ஷார்ப்' என்ற திட்டம் சந்தையில் உள்ள கவசங்களைத் தானே வாங்கிச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறது. விலை குறைந்த சில கவசங்கள் ஐந்து நட்சத்திரம் பெற்றிருக்கின்றன, விலை மிகுந்த சில அதைவிடக் குறைவாகப் பெற்றிருக்கின்றன. வாங்குமுன் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். எல்லா மாடல்களும் அதில் இருக்காது.

காரணம் எளியது. தலையைக் காப்பாற்றுவதில் பெரும்பங்கு, பலர் நினைப்பது போல வெளியே பளபளக்கும் மேலோட்டுக்கு உரியதன்று. அதற்குள் இருக்கும், நாம் தெர்மாகோல் என்று சொல்கிற அதே வகைப் பொருளுக்கு உரியது. கவசம் தரையில் மோதும்போது அந்த அடுக்கு நசுங்குகிறது. நசுங்குவதற்கு எடுத்துக்கொள்ளும் சில மில்லி நொடிகளில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. அது இல்லாவிட்டால் அதே வேகம் ஒரே கணத்தில் நிற்க வேண்டியிருக்கும், அந்த அதிர்ச்சி முழுவதும் மூளைக்குப் போகும். மேலோட்டின் வேலை, மோதலைப் பரந்த பரப்பில் பகிர்வதும் கூரான பொருள் உள்ளே நுழையாமல் தடுப்பதுமாகும். அதைப் பாலிகார்பனேட்டும் செய்யும், ஃபைபர்கிளாஸும் செய்யும், கார்பன் இழையும் செய்யும். கார்பனில் நீங்கள் வாங்குவது முதன்மையாக எடைக் குறைவைத்தான்.

சான்றுகளைப் பற்றி ஒரு சொல். ஐரோப்பாவில் பிறந்து பல நாடுகளில் ஏற்கப்படும் ஈ.சி.இ. விதியின் முந்தைய பதிப்பான 22.05-இன்படி, கவசம் நொடிக்கு 7.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகத்தில், இரும்புப் பட்டடையின் மேல் மோதவிடப்பட்டது. உள்ளே இருக்கும் மாதிரித் தலை உணரும் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 275 மடங்கைத் தாண்டக் கூடாது. 27 கிலோமீட்டர்தானா என்று பலர் ஏளனமாகக் கேட்பதுண்டு. ஆனால் வண்டியிலிருந்து விழுகிறவரின் தலை தரையை நோக்கி வரும் வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அது இருந்த உயரம்தான், 1.6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எதுவும் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வேகத்தில்தான் தரையைத் தொடும். முன்னோக்கிய வேகம் சாலையில் சறுக்குவதில் செலவாகும். கம்பத்திலோ வேறு வண்டியிலோ நேராக மோதினால் கணக்கு மாறிவிடும் என்பது உண்மையே, ஆனாலும் அந்தச் சோதனை வேகம் காரணமின்றி வைக்கப்பட்டதன்று.

2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 22.06 விதி இன்னும் கடுமையானது: நொடிக்கு 8.2 மீட்டர் வேகத்தில் ஒரு சோதனையும் 6 மீட்டர் வேகத்தில் ஒரு சோதனையும் கூடுதலாக உண்டு, சாய்வான பட்டடையில் மோதவிட்டுத் தலை சுழலும் அளவையும் பார்க்கிறார்கள். தாடைப்பட்டையில் தைத்திருக்கும் சிறு துணித்துண்டில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் ஒப்புதல் வழங்கிய நாட்டைக் குறிக்கிறது, தரத்தை அன்று. அருகிலுள்ள ஒப்புதல் எண் 06 என்று தொடங்கினால் புதிய விதி, 05 என்றால் பழையது. அதன் பின் வரும் 'பி' (P) என்ற எழுத்து, தாடைக்காப்பும் சோதனையில் தேறியது என்று பொருள்படும், 'ஜே' என்றால் தாடைக்காப்பு இல்லாத கவசம், 'என்.பி.' என்றால் முகத்தின் கீழ்ப்பகுதிக்கு முன் ஏதோ இருக்கிறது, ஆனால் அது பாதுகாப்பு தராது. கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்பாமல் இந்தத் துண்டைப் படியுங்கள். அமெரிக்காவின் 'டாட்' முத்திரையைப் பொறுத்தவரை, தயாரிப்பவரே தமது கவசம் தேறியதாக அறிவித்து ஒட்டிக்கொள்வதே முறை. அரசு பின்னர் சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். போலி ஒட்டிகள் மலிந்திருப்பதால், அந்த ஒட்டியை மட்டும் கண்டு வாங்குவதை நான் தவிர்ப்பேன். உள்ளே கெட்டியான தெர்மாகோல் அடுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் தடிமனில் இல்லையென்றால் எந்த ஒட்டி இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

முழுமுகக் கவசத்தைத் தேர்ந்ததில் உங்களுக்கு மறுபேச்சு வேண்டாம். ஜெர்மனியில் விபத்துக்குள்ளானவர்களின் கவசங்களை ஆராய்ந்த டீட்மர் ஓட்டே, மோதல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் விழுந்திருப்பதைக் காட்டினார். அரைக்கவசம் அந்தப் பங்கை முகத்திடமே விட்டுவிடுகிறது.

ஆகவே உங்கள் மூன்றில் முதலாவதையோ இரண்டாவதையோ வாங்கலாம்; எது உங்கள் தலையில் சரியாக உட்காருகிறதோ அதை வாங்குங்கள். இரண்டும் சமமாக உட்கார்ந்தால் முதலாவதை வாங்கி, மிச்சத்தைக் கையுறைக்குச் செலவிடுங்கள். அதிலும் ஒற்றை நிறத்தில் உள்ளதைக் கேளுங்கள். அதே கவசத்துக்கு ஓவியம் தீட்டினால் மட்டும் விலை ஏறுகிறது.

மறுமொழி: கைக்கருவி

நண்பரின் கவசத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம்.

நசுங்கிய தெர்மாகோல் மீண்டும் எழும்பாது, அது ஒருமுறைக்கான பொருள். அந்த நசுங்கல் உள்துணிக்குப் பின்னால் இருப்பதால் கண்ணுக்கும் படாது. வெறும் கவசம் கையிலிருந்து நழுவி விழுந்ததாலேயே அது கெட்டுவிட்டது என்று சிலர் அஞ்சுவது மிகை. உள்ளே தலையின் எடை இல்லாதபோது அந்த அடி சிறியது. ஆனால் நண்பர் அதை அணிந்தபடி ஒருமுறை சறுக்கி விழுந்து, 'ஒன்றும் ஆகவில்லை' என்று துடைத்து வைத்திருந்தால் அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நண்பர் நேர்மையானவராகவே இருக்கலாம், அவருக்கே நினைவில்லாமலும் இருக்கலாம்.

அதைவிட முக்கியமாக, மூன்றாண்டுகளில் உள்பஞ்சு முழுவதும் அவருடைய கன்னத்துக்கும் நெற்றிக்கும் ஏற்பப் படிந்திருக்கும். உங்கள் தலையில் அது தளர்வாக இருந்தால், எவ்வளவு உயர்ந்த கவசமானாலும் மோதும் கணத்தில் தலையில் இல்லாமல் போகக்கூடும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்லி, கவசங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் அமெரிக்காவின் ஸ்நெல் அறக்கட்டளை பரிந்துரைக்கிறது. அந்தக் கணக்கிலும் பாதிக்கு மேல் கழிந்துவிட்ட பொருளைத்தான் வாங்குகிறீர்கள்.

மறுமொழி: இரவுப்பணி

நெடுவழி அண்ணன் சொன்னவற்றில் பெரும்பாலானவை சரியே. ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எடை, சத்தம், காற்றோட்டம் ஆகியவற்றை ஏதோ ஆடம்பரம் போல ஒதுக்கிவிட்டார். நான் முதலில் வாங்கியது சான்று பெற்ற மலிவான கவசம்தான். ஏறத்தாழ 1.7 கிலோ எடை. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஓட்டியதும் கழுத்து வலிக்கும், காற்றின் இரைச்சலில் பின்னால் வரும் வண்டியின் ஒலிப்பான் கேட்காது. விளைவு என்னவென்றால், பக்கத்தில் எங்காவது போக வேண்டுமானால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகத் தொடங்கினேன். அப்படி ஒரு நாள் கவசமில்லாமல் போகும்போதுதான் மணலில் சறுக்கி விழுந்தேன். நல்ல வேளையாக முழங்கையோடு போயிற்று. பிறகு 1.4 கிலோ எடையுள்ள ஒன்றை வாங்கினேன். இப்போது அதை எடுக்காமல் வண்டியில் ஏறத் தோன்றுவதில்லை.

ஆகவே நாள்தோறும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு எடை ஒரு பாதுகாப்புக் கேள்விதான் என்பது என் கருத்து. இரண்டாவதின் எடை முதலாவதைவிட 200 கிராமாவது குறைவாக இருந்தால், இரு மடங்கு விலையை ஐந்தாண்டுக்குப் பகிர்ந்து கணக்கிட்டுப் பாருங்கள். இன்னொன்று: புதிய மாடல் வரும்போது பழைய மாடலின் விலை குறையும். அப்போது வாங்கலாம், ஆனால் உள்துணிக்கு அடியில் ஒட்டியிருக்கும் தயாரிப்புத் தேதியைப் பார்த்த பிறகு வாங்குங்கள்.

இரைச்சலுக்குக் காதடைப்பான் என்ற மலிவான தீர்வும் உண்டு. பின்னால் வரும் ஒலியையே அது மறைத்துவிடாதா என்று நானும் நினைத்தேன். உண்மையில் காற்றின் இரைச்சல் அடங்கியதும் ஒலிப்பான் தெளிவாகக் கேட்கிறது. உங்கள் பகுதியின் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: நெடுவழி

இரவுப்பணி சொல்வதை ஏற்கிறேன். அணியாத கவசத்தின் நட்சத்திரங்களை எண்ணி என்ன பயன்? எடையை எண்ணிப் பார்க்காமல் எழுதிவிட்டேன்.

மறுமொழி: நான்குகண்

மூக்குக் கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நானும் கண்ணாடிக்காரன் என்பதால், அளவு பார்ப்பதோடு சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் தையல் நாடாவால் புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாகச் சென்று, பின்தலையின் மிகவும் புடைத்த இடம் வழியாகச் சுற்றளவை எடுங்கள். ஒரே அளவெண்ணுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு சென்டிமீட்டரைச் சொல்லும். ஆகவே எண்ணை நம்பாமல் அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலைப் பாருங்கள். சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் தலையின் வடிவம் வேறாக இருக்கும். உருண்டைத் தலைக்காரர் நீள்வடிவக் கவசத்தை அணிந்தால் நெற்றிப்பொட்டுகள் இரண்டும் நெரிபடும். நீள்தலைக்காரர் உருண்டைக் கவசத்தை அணிந்தால் நெற்றியில் ஒரே புள்ளியில் வலிக்கும், பக்கங்கள் காலியாக இருக்கும். எனவே இணையத்தில் வாங்குவதானால், திருப்பிக் கொடுக்க முடியுமா என்பதை விலைக்கு முன்னே பாருங்கள்.

அணிந்ததும் கன்னங்கள் சற்று உள்ளே தள்ளப்பட்டு, பேசும்போது கன்னத்தின் உட்பகுதி பல்லில் படுவது போல இருக்க வேண்டும். கவசத்தைப் பிடித்து இடமும் வலமும் அசைத்தால் முகத்தோலும் அதோடு நகர வேண்டும். பட்டையை மாட்டிக்கொண்டு, பின்புற விளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்கிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கானதன்று. பிறகு குறைந்தது இருபது நிமிடம் அணிந்தபடியே கடையில் உலவுங்கள், கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கன்னத்தின் இறுக்கம் சில வாரங்களில் தளரும், ஏனெனில் அங்கே இருப்பது பஞ்சு. நெற்றியில் ஒரு புள்ளியில் வலி வந்தால் அது தளரப்போவதில்லை, ஏனெனில் அங்கே உங்களை அழுத்துவது தெர்மாகோல்.

இதையெல்லாம் மூக்குக் கண்ணாடியை அணிந்தபடியே செய்யுங்கள். கவசத்தை மாட்டியபின் கண்ணாடியின் காம்புகளை உள்ளே செருக வேண்டும். சில கவசங்களின் பஞ்சில் அதற்கென்றே ஒரு பள்ளம் விட்டிருப்பார்கள். மெல்லிய, நேரான காம்புள்ள கண்ணாடி எளிதாகப் போகும். காதைச் சுற்றி வளைந்த காம்பு ஒவ்வொரு முறையும் சண்டை போடும். மழையில் கவசத்தின் முகக்கண்ணாடியும் உங்கள் கண்ணாடியும் ஒருசேர ஆவி படியும் என்பதால், தாடைப் பக்கம் காற்றுத்துளை உள்ளதையும் பனிமறைப்புத் தடுப்புத் தகடு பொருத்த வசதி உள்ளதையும் தேடுங்கள். இருண்ட முகக்கண்ணாடி அழகாக இருக்கும். இரவிலும் ஓட்ட நேரும் என்றால் வேண்டாம்.

மறுமொழி: புதுச்சக்கரம்

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்று கடைக்குச் சென்று இரண்டையும் மூக்குக் கண்ணாடியோடு அணிந்து பார்த்தேன். என் தலைச் சுற்றளவு 58 சென்டிமீட்டர். ஃபைபர்கிளாஸ் கவசத்தை அணிந்து பன்னிரண்டாவது நிமிடத்தில் நெற்றியின் நடுவே வலிக்கத் தொடங்கியது. கழற்றியபோது அங்கே சிவந்து ஒரு தடமும் இருந்தது. பாலிகார்பனேட் கவசம் இருபத்தைந்து நிமிடம் ஆகியும் தொல்லை தரவில்லை. எடையைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம்: 1.52 கிலோ, மற்றது 1.44. இரவுப்பணி சொன்ன 200 கிராம் வேறுபாடு இல்லை. துணித்துண்டில் 06 என்றும் 'பி' என்றும் இருந்தன, தயாரித்து எட்டு மாதமே ஆகியிருந்தது. நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அவருக்குச் சற்று வருத்தம்தான்.

வெள்ளை நிறத்தில் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். இதன் தாடைப்பட்டையில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன, அழுத்திப் பூட்டும் கொக்கி இல்லை. இதை எப்படி மாட்டுவது? மேலும், மேலோட்டில் என் பெயரை வண்ணம் அடித்துக்கொள்ளலாமா?

மறுமொழி: கைக்கருவி

பட்டையை இரண்டு வளையங்களுக்குள்ளும் சேர்த்து நுழைத்து, பின் மடக்கி, வெளிவளையத்துக்கு மேலாகவும் உள்வளையத்துக்கு ஊடாகவும் திருப்பி இழுங்கள். தாடைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கினால் போதும். முனையில் இருக்கும் பொத்தான், பட்டை காற்றில் படபடக்காமல் இருக்க மட்டுமே. அதை மாட்டிவிட்டு வளையத்தை விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வண்ணம் அடிக்காதீர்கள். வண்ணத்திலும் தின்னரிலும் உள்ள கரைப்பான்கள் பாலிகார்பனேட்டை அரித்து நொறுங்கும் தன்மையைக் கொடுக்கும், பெட்ரோலும் அப்படியே. கழுவுவதற்கு மிதமான சோப்பு நீரே போதும். பெயர் வேண்டுமென்றால் உள்துணியில் நூலால் தைத்துக்கொள்ளுங்கள்.