ஆர்ச்சிபால்ட் லீச்சிடம் எதைப் படிப்பது?

வரைபலகை (பெங்களூரு):
ஸ்டுடியோவில் அல்சூர் பக்கம் ஒரு ஃபுட்பால் மைதானத்துக்கு 12 வரிசை கேலரி வரைகிறேன். டச்லைனிலிருந்து (ஆடுகளத்தின் பக்கக் கோடு) 6 மீட்டரில் முதல் வரிசை, படி அகலம் 800, உயரம் 300 மி.மீ. செமினாருக்கு, ஃபுட்பால் ஸ்டேடியங்கள் வடிவமைத்த லீச்சை எடுத்திருக்கிறேன். அவர் வாழ்க்கையில் இந்த டிராயிங்குக்கு உதவுவது எது?

இரும்புச்சட்டம்:
லீச் (1865–1939) ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர். ஸ்டேடியத்துக்கு வருமுன் தொழிற்சாலைகள் கட்டியவர். ஆரம்ப வேலைகளில் கண்டிப் பக்கம் தெல்தோட்டையில் கட்டிய தேயிலை ஃபேக்டரிகளும் உண்டு. நம் மலையகத் தமிழர் கொழுந்து கிள்ளிய மலைகள் அவை. எஃகுத் தூண், செங்கல் சுவர், மரத் தளம், சிக்கனம் என்று அந்தக் கண்ணோடுதான் கேலரியையும் பார்த்தார்.

செமினாரை 1902 ஏப்ரல் 5-ல் தொடங்குங்கள். கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு அவர் வடிவமைத்த ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஸ்காட்லாந்து–இங்கிலாந்து ஆட்டம். மேற்கே, நின்று பார்க்கும் கேலரி எஃகுச் சட்டத்தின் மேல் பலகை அடித்தது. பலகை முறிந்து ஓட்டை விழ, ஜனங்கள் சுமார் 12 மீட்டர் கீழே போய் விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள், 500-க்கு மேல் காயம். சிவப்பு பைனுக்குப் பதில் மட்டமான மஞ்சள் பைன் போட்டதாக மரம் கொடுத்தவர் மேல் வழக்கு நடந்தது, விடுதலையானார். மரத்தைக் குறை சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். சும்மா நிற்கும் கூட்டத்தின் எடை வேறு, ஒரே நேரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும் கூட்டத்தின் எடை வேறு. பலகை போனால் தாங்க அடியில் ஒன்றுமில்லை என்பதுதான் பெரிய பிழை.

அதன்பிறகு நிற்கும் படிகளை மண்மேட்டின் மேல் அமைத்தார், இடையிடையே குழாய்த் தடுப்பு வைத்தார். அதற்குப் பேட்டன்ட்டும் எடுத்தார். தடுப்பில்லாத நேர்வழி இருந்தால் மேலிருந்து வரும் தள்ளு மொத்தமும் கீழ் வரிசையில் வந்து சேரும். அதே கிளப் அவரைத் திரும்பக் கூப்பிட்டது. 1929-ல் அவர் கட்டிய செங்கல் முகப்பு இன்றும் நிற்கிறது.

செங்கல்சூளை:
இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு மைதானத்தையும் சேருங்கள். 1908-ல் லீச் கட்டிய மரக் கேலரிக்கு அடியில் பல வருடக் குப்பை சேர்ந்து, 1985 மே 11-ல் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். உங்கள் படிக்கு அடியிலும் காலியிடம் இருக்கும். அதை மூடுங்கள், இல்லையென்றால் கூட்டிப் பெருக்க ஆள் நுழையும்படி வையுங்கள். அவருடைய கூரைத் தூண்களைக் காப்பியடிக்காதீர்கள், பார்வையை மறைக்கும்.

மட்டக்கோல்:
300 உயரம் போதாது. முதல் வரிசைத் தளம் தரையிலிருந்து 800 என்று வைத்தால், அதற்கு மேல் உட்கார்ந்த கண் 1200, ஆக 2000. இரண்டாம் வரிசைக் கண் 2300 உயரத்தில், 6800 தூரத்தில். டச்லைனைப் பார்க்கும் பின்னவர் பார்வை முன்னவர் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதே சி-வேல்யூ: 6000 × 2300 ÷ 6800, அதில் 2000 கழித்தால் 29 மி.மீ. முன்னால் இருப்பவர் தலைதான் தெரியும். குறைந்தது 60 வேண்டும், 90 இருந்தால் நிம்மதி.

400 வைத்தால் இரண்டாம் வரிசைக்கு 118. ஆனால் கடைசி வரிசையில் 54-க்கு இறங்கிவிடும், மேலே போகப் போகக் கோணம் சுருங்குவதால். 6-ஆம் வரிசைக்கு மேல் 450 ஆக்கினால் கடைசி வரிசைக்கு 88 கிடைக்கும்.

ஏறும் வழியில் 400 என்பது 200 உயரத்தில் இரண்டு படி. 450-ல் 225 ஆகும், வயதானவர்களுக்குச் சிரமம். உயரம் நடுவில் மாறுகிற இடத்தில் காலும் தடுக்கும். அங்கே குறுக்கு நடைபாதை விடலாம், ஆனால் மேல் வரிசைகள் பின்னே தள்ளிப்போகும். கணக்கை மறுபடி போடுங்கள்.