குமுளியில் தலைப்பிரசவம்: யார் கையில் பிரசவம் பார்ப்பது?

ஏலக்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு முதல் பிள்ளை, 27 வாரம் ஆகுது. தை முதல் வாரத்துல தேதி சொல்லியிருக்காங்க. வாக்கப்பட்டது குமுளி, வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுறார். அம்மா வீடு உத்தமபாளையம் பக்கம். இங்க சப் சென்டர் சிஸ்டரும் ஆஷா சேச்சியும் நல்லா கவனிக்கிறாங்க. ஊசி, மாத்திரை, ஸ்கேன் எதுலயும் குறை இல்ல.

பிரசவத்துக்கு யாரை நம்புறதுன்னுதான் தெரியல. போன வருஷம் என் சித்தி மகளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில வலி சரியா பிடிக்கிறதுக்கு முன்னாடியே படுக்க வெச்சு, ட்ரிப் ஏத்தி, கடைசியில ராத்திரியில ஆபரேஷன். நடுவுல "கத்தாத"ன்னு திட்டு வேற. லேபர் வார்டுன்னு கேட்டாலே எனக்கு கை நடுங்குது. இங்க ஒரு அம்மாவைப் பத்திச் சொல்றாங்க. வீட்டுக்கே வந்து, தொட்டித் தண்ணியில உட்கார வெச்சு, கத்தி படாம பிரசவம் பார்ப்பாங்களாம். போன்ல பேசுனேன், அவ்வளவு ஆறுதலாப் பேசுறாங்க. மாமியாருக்குச் சம்மதம். அவங்க பிள்ளைங்க எல்லாமே எஸ்டேட் லயத்துல மருத்துவச்சிப் பாட்டி கையில பிறந்ததுதான். வீட்டுக்காரர் வேண்டவே வேண்டாம்ங்கிறார்.

ஒரு மருத்துவச்சியைத் தேர்ந்தெடுக்கணும்னா என்னென்ன கேக்கணும்? இங்கயே இருக்கவா, கீழ அம்மா வீட்டுக்கு இறங்கிடவா?

லயத்துப் பேரன்:

வண்டிப்பெரியார்ல இருந்து எழுதுறேன். எங்க பாட்டி அந்தக் காலத்துல லயம் லயமாப் போய்ப் பிரசவம் பார்த்தவங்க. வலி வந்த பொம்பளையைப் படுக்க விடாம நடக்க வெச்சு, இடுப்பைத் தேய்ச்சு விட்டு, விடிய விடியக் கூடவே இருப்பாங்களாம். அந்தக் கூட இருக்கிற குணத்துக்குத்தான் ஊரே அவங்களைக் கும்பிட்டுச்சு. ஆனா பிள்ளை வந்தும் நஞ்சுக்கொடி விழாம உதிரம் கொட்டுனா அவங்க கையில ஒண்ணும் கிடையாது. சாகுற வரைக்கும் சில பேரைச் சொல்லிச் சொல்லி அழுவாங்க. உங்க மாமியார் பிழைச்சாங்க, சந்தோஷம். பிழைக்காதவங்க வந்து சம்மதம் சொல்ல முடியாதுங்க.

மூணாம் கை சிஸ்டர்:

பாப்பா, நான் பணி ஓய்வு பெற்ற நர்ஸ். கம்பம் பள்ளத்தாக்குலதான் வேலை பார்த்தேன், மலையில இருந்து இறங்கி வந்த பிரசவங்களை நிறையப் பார்த்தவ. உன் பயம் நியாயமான பயம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுல தமிழ்நாட்டுல 100க்கு 45 பிரசவம் சிசேரியன், கேரளாவுல 39 கிட்ட. தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தா 60க்கும் மேல. அதனால உன்னைக் கோழைன்னு யாரும் சொல்ல வேண்டாம்.

அந்த அம்மாகிட்ட முதல்ல பதிவு எண் கேளு. ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ அல்லது பிஎஸ்சி நர்சிங் முடிச்சவங்க மாநில நர்ஸ், மருத்துவச்சி கவுன்சில்ல பதிவு பண்ணியிருப்பாங்க. எண் சொல்லத் தயங்குனா பேச்சை அங்கயே நிறுத்திடு. 2018ல மத்திய அரசு மருத்துவச்சிச் சேவைக்குன்னே வழிகாட்டுதல் கொண்டுவந்து, பதிவான நர்ஸுகளுக்கு 18 மாசப் பயிற்சின்னு வகுத்தது. அந்தப் படிப்பு படிச்சவங்க இன்னும் எல்லா ஊருக்கும் வந்து சேரல.

எண் கொடுத்துட்டாங்கன்னு வெச்சுக்கோ. அடுத்து அவங்க பையில என்ன இருக்குன்னு கேளு. பிள்ளை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள்ள தொடையில 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடணும், உதிரப்போக்கைத் தடுக்க அதுதான் முதல் காவல். அந்த மருந்தைக் குளிர்ல வெச்சிருக்கணும், ஜீப்ல வெயில்ல கிடந்த மருந்தை நம்ப முடியாது. பிள்ளை அழலேன்னா முதல் நிமிஷத்துக்குள்ள மூச்சு கொடுக்க பேக், மாஸ்க் வேணும். வலி முத்துனதும் அரைமணிக்கு ஒரு தடவைக்குக் குறையாம குழந்தை இதயத்துடிப்பு கேக்கணும், முக்குற நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. எதுல குறிச்சு வெப்பாங்கன்னும் கேளு. கடைசியா, எந்த நிலைமையில "இனி நான் பாக்க மாட்டேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு"ன்னு சொல்வாங்க, எந்த டாக்டர் எடுத்துக்கச் சம்மதிச்சிருக்காருன்னு கேளு. பிரஷர் 140/90 தாண்டினா, பிள்ளை தலை கீழ திரும்பாம மேல இருந்தா, இரட்டைன்னா, சர்க்கரை இருந்தா, முன்னாடி ஆபரேஷன் ஆகியிருந்தா வீட்டுப் பேச்சே எடுக்காத மருத்துவச்சிதான் நல்ல மருத்துவச்சி. "எனக்கு எல்லாமே சுகப்பிரசவம்தான்"னு சொல்றவங்ககிட்ட இருந்து எழுந்து வந்துடு.

இத்தனைக்கும் அவங்க சரியாப் பதில் சொன்னாலும் உன் விஷயத்துல நான் வேண்டாம்னுதான் சொல்வேன். உன் தேதி தை பிறப்பு. அது சபரிமலை மகரவிளக்கு நேரம். சீசன்ல மலைப்பாதையை ஒருவழியாக்கி கம்பம்மெட்டு வழியா வண்டிகளைச் சுத்தி விடுவாங்க, அடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் பஸ்ஸும் காரும் ஊர்ந்துதான் போகும். பனி வேற. உதிரம் கொட்டுறவளுக்கு அந்த ரோட்டுல நேரம் கிடையாது பாப்பா. கோட்டயம் மெடிக்கலும் பக்கம் இல்ல, க.விலக்குல இருக்கிற தேனி மெடிக்கலும் பக்கம் இல்ல. கார்த்திகை பிறக்குறதுக்கு முன்னாடியே அம்மா வீட்டுக்கு இறங்கிடு.

அங்க கிராம சுகாதார நர்ஸைப் பார்த்து ஆர்சிஎச் எண்ணுங்கிற கர்ப்பப் பதிவு எண் வாங்கு, பிறப்புச் சான்றிதழுக்கு அது கேப்பாங்க. கேரளாவுல போட்ட தாய்சேய் அட்டையைத் தூக்கிப் போட்டுடாத, ஊசி விவரம் எல்லாம் அதுலதான். பிரசவத்துக்கு சீமாங் சென்டர், அதாவது அவசரப் பிரசவ சிகிச்சைப் பிரிவு, இருக்கிற அரசு ஆஸ்பத்திரியாப் பாரு, ரத்தமும் ஆபரேஷனும் ராத்திரியிலயும் கிடைக்கும்.

இப்போ நீ ஆசைப்பட்டதுக்கு வர்றேன். லேபர் வார்டுல பிரசவம் எடுக்குறது பெரும்பாலும் நர்ஸுதான், அவங்கதான் உன் மருத்துவச்சி. எட்டாம் மாசச் செக்கப்புக்குப் போறப்பவே வார்டு சிஸ்டர்கிட்ட பேசு. வலி வந்தா நடக்கலாமா, தண்ணி குடிக்கலாமா, ஒருக்களிச்சோ குந்தியோ பெத்துக்கலாமா, தையல் எல்லாருக்கும் போடுவீங்களா, வயித்தை அமுக்கித் தள்ளுவீங்களான்னு கேளு. உலகச் சுகாதார நிறுவனம் 2018ல சொன்னது இதுதான்: கர்ப்பவாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் வலி முழு வேகம் பிடிக்கும், முதல் பிள்ளைக்கு அதுக்கப்புறம் 12 மணி நேரம் வரைக்கும் போகலாம். தாயும் பிள்ளையும் நல்லா இருந்தா அவசரப்படுத்தத் தேவையில்ல. எல்லாருக்கும் வழக்கமா வெட்டித் தையல் போடுறதும், வயித்தை அமுக்குறதும் கூடாது. உன் சித்தி மகளுக்கு வலி பிடிக்கிறதுக்கு முன்னாடியே படுக்க வெச்சதுல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சிருக்கணும். பனிக்குடம் உடையல, உதிரம் இல்ல, பிள்ளை நல்லா அசையுதுன்னா, லேசான வலிக்கு ஓடாம போன்ல கேட்டுட்டுப் போ.

சின்னமனூர் மருமக:

சிஸ்டர் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரியில பிரசவ நேரத்துல கூட ஒரு பொம்பளையை இருக்க விடுவாங்க. எனக்கு எங்க பெரியம்மா இருந்தாங்க. பயப்படாதவங்களா, ஏற்கெனவே பெத்தவங்களாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. எங்க அம்மா என்னைவிட அதிகமா அழுவாங்கன்னுதான் பெரியம்மாவைக் கேட்டேன். சத்தம் போட்டுப் பேசுன ஆயாம்மாகூட பெரியம்மா பக்கத்துல நின்னதும் குரலை இறக்கிட்டாங்க.

ஏலக்காட்டுப் பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அந்த அம்மாகிட்ட பதிவு எண் கேட்டேன். "நம்பிக்கை இருந்தா வாங்க, சந்தேகம் இருந்தா வேண்டாம்"னு வெச்சுட்டாங்க. மாமியார்கிட்ட லயத்துப் பேரன் எழுதினதைப் படிச்சுக் காட்டுனேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் தனக்கு அடுத்த வீட்டுல இருந்த ஒரு அக்காவைப் பத்திச் சொன்னாங்க, இது வரைக்கும் வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்லையாம். ஐப்பசியிலயே உத்தமபாளையம் இறங்குறேன்.

சிஸ்டர், இன்னொண்ணு. அட்டையில என் ரத்த வகை ஓ நெகட்டிவ்னு இருக்கு. அதுக்காக ஏதாவது பண்ணணுமா?

மூணாம் கை சிஸ்டர்:

நல்லவேளை கேட்ட. வீட்டுக்காரர் ரத்த வகையை நாளைக்கே பாருங்க. அவரும் நெகட்டிவ்னா கவலை இல்ல. பாசிட்டிவ்னா உனக்கு ஐசிடின்னு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்து, 28 வாரத்துல ஆன்டி டி ஊசி போடணும், பிள்ளையோட பாசிட்டிவ் ரத்தத்தை உன் உடம்பு எதிர்க்காம தடுக்கிற ஊசி அது. உனக்கு வர்ற வாரமே அது. இறங்குற வரைக்கும் காத்திருக்காத, இப்பவே உன்னைப் பாக்குற டாக்டர்கிட்ட கேளு. பிறந்த பிள்ளை பாசிட்டிவ்னா 72 மணி நேரத்துக்குள்ள மறுபடி ஒண்ணு. போட்ட தேதியை அட்டையில எழுதச் சொல்லு. நடுவுல உதிரம் பட்டாலோ வயித்துல அடிபட்டாலோ உடனே போய்க் காட்டணும். நெகட்டிவ் ரத்தம் எல்லா நேரமும் கிடைக்காது, அதனால பிரசவம் பாக்குற ஆஸ்பத்திரியில முன்கூட்டியே சொல்லி வை. சொந்தத்துல ஓ நெகட்டிவ் யார் இருக்காங்கன்னு பேரும் போன் நம்பரும் எழுதி வீட்டுக்காரர்கிட்ட கொடு.