"நீ": வேற்று மொழியில் கேட்டவர்கள் எழுதுங்கள்

மேலவீதி (சிங்கப்பூர்)

இங்கே இருப்பவர்களுக்கு இது பழகிப்போன வேடிக்கை. மாண்டரினிலும் "நீ" என்றால் நீதான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி பேரனைத் திட்டும்போது இடையிடையே நீ, நீ என்று காதில் விழும்; பாதித் திட்டு புரிந்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் நாம் சொல்கிற மாதிரித் தட்டையாகச் சொன்னால் ஆகாது. குரலைப் பள்ளத்தில் இறக்கித் தூக்க வேண்டும். ஏறுமுகமாகச் சொன்னால் சேறு. இதில் ஒரு கூத்து என்னவென்றால், "நீ ஹாவ்" என்று வணக்கம் சொல்லும்போது மட்டும் அந்த நீ ஏறுமுகமாக மாறிவிடும், அதாவது சேற்றின் தொனி. பள்ளத் தொனிச் சொற்கள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது அப்படி மாறும் என்பது விதி. யாரும் குழம்புவதில்லை.

மரியாதைக்கு "நின்" என்று தனியாக ஒன்று உண்டு. பழைய பாட்டில் கடவுளையே ஒருமையில் வைத்து "நின் அருள்" என்கிறோம். அங்கே அது "தாங்கள்".

கடலோடி (ஒஸ்லோ)

நோர்வேயில் "நீ" ஒன்பது, "தீ" பத்து. அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நின்ற நேரம், பிள்ளைகள் வீட்டுக்குள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். மகள் சுவரில் முகத்தைப் புதைத்து எண்ணிக்கொண்டு போய், கடைசியில் "நீ... தீ!" என்று கத்தினாள். அம்மம்மா குசினியிலிருந்து ஓடிவந்து, "எங்கையடி தீ?"

இந்த நீயும் ஆங்கில நைனும் வடமொழி நவமும் ஒரே வேரில் வந்தவை. நம்முடைய "நீ"க்கும் அதற்கும் ஒரு உறவும் இல்லை.

தேன்சிட்டு (கோத்தன்பர்க்)

பக்கத்திலேயே சுவீடன், ஆனால் கதை வேறு. இங்கே ஒன்பதுக்கு "நியோ". "நீ" என்றால் நீங்கள், பலரைச் சேர்த்துச் சொல்வது. அதையே ஒற்றை ஆளிடம் சொன்னால்தான் வம்பு. ஒரு காலத்தில் அது மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் பேசுகிற சொல்லாகி, கேட்பவருக்கு உறைத்தது. அதனால் எதிரில் நிற்பவரையே படர்க்கையில் வைத்து, "டாக்டர் காபி குடிப்பாரா?" என்று டாக்டரிடமே கேட்டார்கள். நாம் "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று அண்ணனிடமே கேட்கிற பழக்கம்தான், ஆனால் ஊர் முழுக்க, ஓயாமல். பட்டம் தெரியாத ஆளிடம் எப்படிப் பேசுவது? தடுமாற வேண்டியதுதான்.

1967இல் அரசு மருத்துவத் துறைக்குத் தலைவராக வந்த புரூர் ரெக்செட், ஊழியர் எல்லாரையும் "டூ" (நம் ஒருமை நீ) என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். அதற்கு முன்பே இந்தப் பழக்கம் பரவத் தொடங்கியிருந்தது, ஆனாலும் ஊர் நினைவில் அவர் பெயர்தான் நின்றது. இப்போது கடைகளில் வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஒற்றை ஆளிடம் "நீ" போடுகிறார்கள். என் மாடியில் இருக்கும் பாட்டி செருப்புக் கடையிலிருந்து அதற்காகவே கோபத்தோடு திரும்பினார்.

அந்தச் சொல் பிறந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பழைய சுவீடிஷில் அது வெறும் "ஈ". முன்னால் வருகிற வினைச்சொல் னகரத்தில் முடியும்: "வேத்தென் ஈ", அறிவீர்களா நீங்கள். வேகமாகச் சொல்லச் சொல்ல அந்த னகரம் நகர்ந்து ஈயோடு ஒட்டி "நீ" ஆகிவிட்டது.

ஓடம்போக்கி (மஸ்கட்)

எங்கள் கிடங்கில் ஓட்டுநர் ஒருவர், பலூசிஸ்தானில் கலாட் பக்கம். வீட்டுக்குப் போன் பேசும்போது "நீ" என்பார். உருது இல்லை, பலூச்சியும் இல்லை, பிராகுயி என்றார். சரி, பலரைப் பார்த்துச் சொல்வதென்றால்? "நும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சங்கப் பாட்டில் படித்த அதே நும்! அப்புறம் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலை. கண்ணைத் தொட்டுக் காட்டினேன், "கன்" என்றார், ககரத்தைத் தொண்டையில் காறி. கல், "கல்", அதே காறலோடு. இரண்டு "இரட்", மூன்று "முசிட்". நாலு கேட்டால் "சார்" என்கிறார். அதற்கு மேல் எண்ணெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. "நீ"யும் "நும்"மும் மட்டும் அசையாமல் நிற்கின்றன.

இந்த இழையில் இதுவரை வந்ததில் இது ஒன்றுதான் சொந்தக்கார நீ. பிராகுயி திராவிட மொழி. மாண்டரின் நீயைப் பார்த்துவிட்டு யாரும் உறவு கொண்டாட வேண்டாம். "நீ"யோடு "நும்"மும் "கண்"ணும் "கல்"லும் சேர்ந்து வந்தால்தான் உறவு.

புளியமரத்தடி

ஸ்பெயின் வடக்கே பாஸ்க் மொழியில் "நீ" என்றால் நான். பில்பாவோவில் ஒருவர் தன் நெஞ்சைத் தட்டி "நீ, நீ" என்றபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. நைஜீரியாவின் ஹவுசாவிலும் அது நான். வெல்ஷில் நாங்கள். நம் ஊரிலேயே, நீத்தார் என்பதில் வருகிற "நீ" துறப்பது. அதை வெளிநாட்டில் தேடுவானேன்!

கல்குளம் (ஸ்ரீபெரும்புதூர்)

கொரியக்காரர்களோடு வேலை. அவர்களுக்கும் பேச்சில் "நீ" உண்டு. எழுத்தில் அது "நெ". "என்" என்பதற்கான சொல் வேறு எழுத்து, ஆனால் இன்றைய உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. என்னுடையதா உன்னுடையதா என்று தெரியாமல் எப்படிப் பேசுவது? உன்னுடையதை "நி" என்று மாற்றிக்கொண்டார்கள்.

சீரியல் பார்த்துக் கொரியன் கற்ற பையன் ஒருவன் மேலாளரிடம் "நிகா" (நீதான்) என்று ஆரம்பித்தான். சீரியலில் காதலர்கள் பேசுவது அது! அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், மொழிபெயர்ப்பாளருக்குத்தான் வியர்த்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: குடும்பப் பெயர், பதவி, கடைசியில் "நிம்". கிம் பூஜாங்நிம் (துறைத் தலைவர் கிம் அவர்களே). நீயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம்.