ஒற்றைப் பெயர், எஃப்என்யூ போட்ட இஏடி கார்டு: ஐ-9 படிவத்தில் எப்படி எழுதுவது?

தென்காசித் தூறல்:

எல்லோருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் எம்.எஸ். முடித்துவிட்டு ஓபிடியில் (படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர்கள் கொஞ்ச காலம் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதி) இருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அதற்கு ஐ-9 நிரப்ப வேண்டும், அதாவது நான் யார், அமெரிக்காவில் வேலை செய்யலாமா என்பதைச் சரிபார்க்கும் படிவம். என் பெயரே இப்போது சிக்கலாகிவிட்டது.

எங்கள் வீட்டில் யாருக்கும் சர்நேம் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், அப்புறம் என் பெயர், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த கடைக்காரர் இனிஷியலை விட்டுவிட்டு, சர்நேம் கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டார். விசா வந்தபோது என் பெயர் சர்நேம் ஆகியிருந்தது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது 'முதல் பெயர் தெரியவில்லை'. ஒரு பேராசிரியர் இரண்டு வருடமும் என்னை 'ஃப்னூ' என்றே கூப்பிட்டார். எந்த ஊர்ப் பெயர் என்று ஒருநாள் விசாரிக்க வேறு செய்தார்.

470 டாலர் கட்டி வாங்கிய இஏடி கார்டிலும் (வேலை அனுமதி அட்டை) அதே எஃப்என்யூ. நேற்று எச்ஆர் மெயில் வந்தது. ஈ-வெரிஃபையிலும் (ஐ-9 விவரங்களை அரசுப் பதிவுகளோடு ஒப்பிடும் இணைய முறை) சரிபார்ப்பார்களாம். பாஸ்போர்ட், விசா, இஏடி, சோஷியல் செக்யூரிட்டி கார்டு எல்லாம் வேண்டுமாம். நூலகத்தில் பகுதிநேர வேலை பார்த்தபோது வாங்கிய சோஷியல் செக்யூரிட்டி கார்டு என்னிடம் இருக்கிறது. அதன் நகலை அனுப்பினேன். "டிஎச்எஸ் (உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை) அனுமதி இருந்தால் மட்டுமே வேலைக்குச் செல்லும் என்று இதில் அச்சாகியிருக்கிறது, இது செல்லாது, அந்த வரி இல்லாத கார்டோ கிரீன் கார்டோ கொண்டு வாருங்கள்" என்கிறார்கள். கிரீன் கார்டுக்கு நான் எங்கே போவேன்?

ஓபிடி தொடங்கி 61 நாள் வேலையில்லாமல் ஓடிவிட்டது. வரம்பு 90 நாள். சேரும் தேதி தள்ளிப்போனால் என்ன செய்வது என்று தூக்கம் வரவில்லை. படிவத்தில் முதல் பெயர் என்ற இடத்தில் நான் என்ன எழுத வேண்டும்?

ஒற்றைப்பெயர்க்காரன்:

வாங்க தங்கச்சி, நம்ம ஜாதிதான்!

பெயருக்கு விடை படிவத்தோடு வரும் விளக்கத்திலேயே இருக்கிறது. ஒரே பெயர் உள்ளவர்கள் அதைக் கடைசிப் பெயர் (சர்நேம்) கட்டத்தில் எழுதிவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் 'அன்னோன்' ('தெரியவில்லை') என்று எழுத வேண்டும். எஃப்என்யூ என்று எழுதாதீர்கள், அப்பா பெயரையும் அங்கே நுழைக்காதீர்கள்.

நான் அப்போது ஃபீனிக்ஸில் இருந்தேன். அரிசோனாவில் 2008 முதலே எல்லா முதலாளிகளும் ஈ-வெரிஃபையில் சரிபார்த்தாக வேண்டும். எங்கள் ஆபீஸில் தட்டச்சு செய்தவர் இரண்டு கட்டத்திலும் என் ஒரே பெயரைப் போட்டுவிட்டார். 'பொருந்தவில்லை' என்று வந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது, பெட்டியைக் கட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அப்படியெல்லாம் இல்லை. அப்படி வந்தால் ஒரு நோட்டீஸ் கொடுப்பார்கள். மறுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, 8 அரசு வேலை நாட்களுக்குள் நீங்கள் உரிய அரசுத் துறையை அணுகலாம். அது முடியும்வரை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. என் விஷயத்தில் தப்பு தட்டச்சில்தான் என்பதால், அந்தக் கேஸை மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தார்கள். முடிந்தது. ஆகவே திங்கட்கிழமை அவர்கள் தட்டும்போது பக்கத்திலேயே நின்று பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

சும்மா வந்தவன்:

எச்ஆரிடம் சட்டம் பேசினால் ஆஃபர் போய்விடும். கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

எடிசன் அக்கா:

தம்பி, கிரீன் கார்டு கேட்கிறார்களே, அதையும் கொடுத்துவிடச் சொல்கிறாயா?

நான் நியூஜெர்சியில் ஒரு சின்ன நிறுவனத்தில் பேரோல் பார்க்கிறேன். மாதம் நாலைந்து ஐ-9 என் கையால் போகும். தூறல், ஐ-9க்குக் காட்டக்கூடிய ஆவணங்கள் ஏ, பி, சி என்று மூன்று பட்டியலாக இருக்கும். உன் இஏடி கார்டு 'ஏ' பட்டியலில் வருவது. ஆள் யார் என்பதற்கும் வேலை செய்யலாம் என்பதற்கும் அது ஒன்றே போதும். 'பி'யில் ஒன்று, 'சி'யில் ஒன்று என்று இரண்டு காட்டுவது 'ஏ' இல்லாதவர்களுக்கு. உன் சோஷியல் செக்யூரிட்டி கார்டு 'சி' பட்டியலுக்குச் செல்லாது என்று அவர்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அதை நீ காட்டவே வேண்டியதில்லை என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். நம்பரை மட்டும் எழுது. ஈ-வெரிஃபை நிறுவனத்துக்கு நம்பர் கட்டாயம், சம்பளக் கணக்குக்கும் வேண்டும்.

எந்த ஆவணத்தைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பது வேலைக்குச் சேருபவர். முதலாளி இன்னதுதான் வேண்டும் என்று கேட்கக் கூடாது. இது படிவத்தின் மேலேயே கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கிறது. சண்டை போடாதே. அந்தக் கட்டத்தைப் படம் எடுத்து, 'நான் இஏடியைக் காட்ட விரும்புகிறேன்' என்று இரண்டே வரி எழுது. பல இடங்களில் கெட்ட எண்ணம் எல்லாம் கிடையாது, யாரோ பழைய பட்டியலைக் காப்பி அடித்து அனுப்பியிருப்பார்கள். ஒன்று மட்டும்: இஏடியின் முன்பக்கம் பின்பக்கம் நகல் எடுத்தால் தடுக்காதே. ஈ-வெரிஃபையில் கார்டிலுள்ள படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், அதற்கு நகல் வேண்டும். நகலை அனுப்பினாலும் அசல் கார்டைக் கையில் எடுத்துப் போ.

முதல் பகுதியை நீதான் நிரப்ப வேண்டும், வேலையில் சேரும் நாளுக்குள். அங்கே நான்கு கட்டம் இருக்கும். நாலாவதைத்தான் டிக் செய்ய வேண்டும், 'வேலை செய்ய அனுமதி பெற்ற வெளிநாட்டவர்'. இரண்டாவதில் 'நேஷனல்' என்று ஒரு வார்த்தை வரும். 'இண்டியன் நேஷனல்' என்று பழகிய கை அங்கே போகும். அது அமெரிக்கன் சமோவாவில் பிறந்தவர்கள் போன்றவர்களுக்கு. முதல் கட்டத்தைத் தெரியாமல் தொட்டால் இன்னும் மோசம். குடிமகள் என்று பொய் சொன்னதாக ஆகிவிட்டால் பிறகு விசாவோ கிரீன் கார்டோ கனவிலும் கிடைக்காது. இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்று முறை பார்.

இரண்டாம் பகுதி அவர்கள் வேலை, மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. ஆகவே எல்லாம் முன்கூட்டியே முடியாவிட்டாலும் திங்கட்கிழமை சேருவதற்குத் தடை இல்லை. கார்டில் உள்ள தொடக்கத் தேதி வந்துவிட்டதுதானே?

தென்காசித் தூறல்:

வந்துவிட்டது அக்கா. அது வந்த நாளிலிருந்துதானே இந்த 61. ஸ்டெம் நீட்டிப்புக்கும் (அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு ஓபிடியை 24 மாதம் நீட்டிப்பது) இதே மாதிரி எல்லாம் மறுபடியும் காட்ட வேண்டுமா?

எடிசன் அக்கா:

கார்டு முடியும் தேதிக்குள் மறுபடி சரிபார்ப்பார்கள். அதற்குள் நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால் பழைய கார்டும் டிஎஸ்ஓ (கல்லூரியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரி) கையெழுத்திட்ட புது ஐ-20யும் (மாணவர் தகுதிச் சான்றுப் படிவம்) சேர்த்துக் காட்டலாம், 180 நாள் ஓடும். உன் நிறுவனம் ஈ-வெரிஃபையில் இருப்பது உனக்கு நல்லதுதான். இல்லாவிட்டால் அந்த 24 மாதமே கிடைக்காது.

தென்காசித் தூறல்:

செவ்வாய்க்கிழமை இரவு எழுதுகிறேன். மெயிலுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: "ஓ, இஏடி போதும்." அவ்வளவுதான்! நான் மூன்று இரவு தூங்கவில்லை.

நேற்று போனால், அவர்களுடைய மென்பொருள் முதல் பெயரில் எஃப்என்யூ என்று தானாகவே நிரப்பி வைத்திருந்தது. அண்ணா சொன்னபடி பக்கத்தில் நின்று மாற்றச் சொன்னேன். 'வேலைக்கு அனுமதி உண்டு' என்று உடனே வந்துவிட்டது. நாலாவது கட்டத்தை டிக் செய்துவிட்டு, அக்கா சொன்னதற்காக ஐந்து முறை பார்த்தேன்.

இன்று அடையாள அட்டை கொடுத்தார்கள். 'அன்னோன்' என்று பெரிய எழுத்தில், அதற்குக் கீழே சின்னதாக என் பெயர். ஃப்னூவாக இரண்டு வருடம் இருந்தேன். இனி இங்கே எல்லோருக்கும் நான் மிஸ் அன்னோன்.