பொருள்: டேமேஜ் கன்ட்ரோல் சர்ஜரி – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பெரம்பூர், திங்கள் இரவு

குழுமத்தாருக்கு வணக்கம். மருத்துவமனை ஒன்றின் ஒப்புதல் படிவங்களைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஈரல், கணையம், பெருங்குடல் என்று நாள் குறித்துச் செய்யும் பெரிய ஆபரேஷன்களுக்கானவை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ஒரே ஒரு வரியில் நிற்கிறேன். 'டேமேஜ் கன்ட்ரோல் சர்ஜரி' என்பதற்குப் பழைய படிவத்தில் 'சேதக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை' என்றிருக்கிறது. இன்று காலை வார்டில் ஒரு அம்மாவிடம் அதைக் காட்டினேன். அவர் கணவருக்கு நாளை ஆபரேஷன். எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டார். "சேதம் ஆயிடும்னு இப்பவே கையெழுத்து வாங்கிக்கிறீங்களா சார்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. உதவுங்கள்.

குரோம்பேட்டை, திங்கள் இரவு

தம்பி, அந்த அம்மா கேட்டது நியாயம்தான். சொல் தேடுமுன் தியேட்டரில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

ஈரலில் ஒரு கட்டியை எடுக்கப் போகிறோம். நாலு மணி நேரம் ஆகியும் ரத்தம் நிற்கவில்லை. உடம்பு 35 டிகிரிக்குக் கீழே போய்விட்டது. ரத்தம் அமிலமாகி பி.எச். 7.2க்கும் கீழே இறங்குகிறது. உறைய வேண்டியது உறையாமல் தண்ணீராக ஓடுகிறது. குளிர்ந்தால் உறையாது, உறையாவிட்டால் ஒழுகும், ஒழுகினால் இன்னும் குளிரும். இந்த நேரத்தில் பிடிவாதமாக நின்று எல்லாத் தையலையும் முடித்தால், ஆபரேஷன் முடிந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். அதனால் நிறுத்துகிறோம். மாப் என்கிற மடித்த துணிகளை வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்துவோம். குடலை வெட்டியிருந்தால் இணைக்கமாட்டோம். இரண்டு முனையையும் ஸ்டேப்ளர் போட்டு மூடி அப்படியே விடுவோம். வயிற்றையும் தைப்பதில்லை. மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஐசியுவுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே உடம்பைச் சூடேற்றி, ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றி, ஆள் தேறியதும், பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள், திரும்பக் கொண்டுவந்து மீதியை முடிப்போம். உள்ளே எத்தனை மாப் விட்டிருக்கிறோம் என்று போர்டிலும் எழுதுவோம், கேஸ் ஷீட்டிலும் எழுதுவோம். ஷிப்ட் மாறும்போது அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்போம்.

பெயரைவிட வேலை பழையது. ஈரலைத் துணி அடைத்து அழுத்துவதை பிரிங்கிள் என்ற சர்ஜன் 1908லேயே எழுதினார். ரத்தம் உறையாதவர்களுக்கு வயிற்று ஆபரேஷனைப் பாதியில் நிறுத்திப் பிறகு முடிப்பதை 1983ல் ஸ்டோனும் அவர் குழுவினரும் எழுதினார்கள். 1993ல் பிலடெல்பியாவில் ரொட்டொண்டோ, ஷ்வாப் குழுவினர் குண்டடியும் கத்திக்குத்தும் பட்ட வயிறுகளுக்குச் செய்ததை எழுதியபோது, கடற்படைக்காரர்களின் சொல்லை எடுத்து 'டேமேஜ் கன்ட்ரோல்' என்ற இந்தப் பெயரை வைத்தார்கள். அடிபட்டு வந்தவரிடம் முன்கூட்டிக் கேட்க வழியில்லை. நாள் குறித்த ஆபரேஷனில் முந்தின இரவே உட்கார்ந்து சொல்லலாம். எனக்கும் என்னிடம் பயிலும் ரெசிடென்ட் டாக்டருக்கும் 'டிசிஎஸ்' என்ற ஆங்கிலச் சுருக்கம் போதும். சொல் வேண்டியது கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு.

மயிலை, செவ்வாய் காலை

டாக்டர் அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். 'சேதம்' வடமொழி, வெட்டு என்பதே அதன் பொருள். சிரச்சேதம் என்கிறோமே, அதே சேதம்தான். வெட்டைக் கட்டுப்படுத்துவது என்று பார்த்தால் அந்தப் பழைய படிவக்காரர் தெரியாமலே சரியாக எழுதியிருக்கிறார். ஆனாலும் இன்றைய காதில் அது நாசம் என்றுதான் விழும். விடுவோம்.

நமக்கு இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. முற்றுக்காகக் காத்து நிற்கும் வினையை எச்சம் என்கிறோம். 'வந்து' என்று நிறுத்தினால் கேட்பவர் அடுத்த சொல்லுக்குக் காத்திருப்பார். இந்த அறுவையும் அப்படித்தானே நிற்கிறது? அதிலும் முற்றெச்சம் என்று ஒன்றுண்டு. 'கண்டனன் வணங்கினான்' என்பதில் கண்டனன் பார்வைக்கு முற்று, பொருளால் கண்டு என்னும் எச்சம். தியேட்டரை விட்டு ஆள் வெளியே வந்தாயிற்று, ஆனால் வினை முடியவில்லை. ஆகவே 'முற்றெச்ச அறுவை'.

அம்பத்தூர், செவ்வாய் பகல்

ஐயா மன்னிக்க வேண்டும். சேதத்தை அவ்வளவு எளிதாக வடமொழிக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிதை, சிதல், சிதர், சிந்து எல்லாம் ஒரே வேர் என்பது என் கட்சி. சிதறுவதும் துண்டாவதும் பொருள். சிதை நீண்டால் சேதை. செல்லரிப்பதற்குப் பெயர் பெற்ற பூச்சியும் சிதல்தான். இதை நான் முப்பது ஆண்டாகச் சொல்லிவருகிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். கடற்படையிலிருந்து வந்தது என்றால் கடலிலிருந்தே எடுப்போம். கப்பலில் ஓட்டை விழுந்தால் முதலில் மிதக்க வைப்பார்கள், பழுது பார்ப்பது துறைக்கு வந்த பிறகு. 'கலங்காப்பு அறுவை' என்கிறேன். புறநானூறு 30ல் பாயைக் களையாமல், பாரத்தைக் குறைக்காமல் புகாருக்குள் புகுந்த பெருங்கலம் வருகிறது. நம் மாலுமிகளுக்குப் பாரம் குறைப்பது தெரிந்திருந்ததால்தான் குறைக்காமல் வந்ததைப் புலவர் பெருமையாகச் சொல்கிறார். கலம் பிடிக்காதவர்களுக்கு 'ஊறுகாப்பு அறுவை' தருகிறேன், ஊறு என்றால் கேடு.

தாம்பரம், செவ்வாய் இரவு

செவிலியர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். மூன்றையும் போர்டில் எழுதினேன். ஊறுகாப்பு என்று படித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஊறுகாயா என்று கேட்டார்கள். கலங்காப்பைக் 'கலங்காதே' என்று படித்தாள் ஒருத்தி. அது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் பொருள் அதுவல்ல. எச்சம் என்றால் பிள்ளைகளுக்குப் பறவை எச்சம்தான். ஐயா வருந்தக்கூடாது. இன்னொன்று: வயிறு திறந்தபடி வெளியே வருகிற ஆளைப் பார்த்தால் முற்று என்று யாருக்கும் தோன்றாது. பார்வைக்கே எச்சம்தான்.

ஒரு மாணவி 'தவணை ஆபரேஷன்' என்றாள். பொருள் உடனே புரிகிறது. ஆனால் பில் கவுண்டர் பக்கத்தில் தவணை என்று சொன்னால் வீட்டார் பணத்தைத்தான் நினைப்பார்கள்.

மயிலை, புதன் காலை

வருத்தமில்லை அம்மா. பார்வைக்கே எச்சம் என்பது சரியான திருத்தம். முற்றெச்சத்தை வினையெச்சமாகக் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் எச்சத்தைப் பறவைக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. 'தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தால் காணப்படும்' என்ற இடத்தில் பரிமேலழகர் அதை நன்மக்கள் என்றே கொள்கிறார். 'வினைபகை என்றிரண்டின் எச்சம்' தீயின் மிச்சம்போலச் சுடும் என்பதும் குறள்தான். டாக்டர் அம்மா மாப்களை எண்ணி எண்ணி ஒப்படைப்பது அந்த பயத்தில்தானே?

தையல் பேச்சு வந்ததால் பதிற்றுப்பத்து 42 நினைவுக்கு வருகிறது. மீன் தேடிக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி மேலெழும் சிரல்போல, மார்புப் புண்ணில் புகுந்து வெளிவரும் நெடுவெள்ளூசி. மீன்கொத்தி முங்கி எழுவதைப் பார்த்தவர்தான் அப்படி எழுத முடியும்.

குரோம்பேட்டை, புதன் நள்ளிரவு

இப்போதுதான் தியேட்டரிலிருந்து வந்தேன். சிரலை என் ரெசிடென்ட்டிடம் சொன்னேன் ஐயா. வளைந்த ஊசிக்கு இதைவிடப் பொருத்தமில்லை என்றார்.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்ற குறளில் நோயாளியின் அளவுதான் முதலில் நிற்கிறது. பிணி எவ்வளவு பெரிதானாலும் உற்றவர் தாங்கவில்லை என்றால் நிறுத்தவேண்டும். 'கட்டுப்பாடு', 'சேதம்' இரண்டும் மருத்துவர் பக்கத்துச் சொற்கள். 'படிநிலை அறுவை' என்று யாராவது எழுதுமுன் சொல்கிறேன், வேண்டாம். முதலிலேயே இரண்டு கட்டம் என்று திட்டமிட்டுச் செய்வது வேறு. இது போகிற போக்கில், உடம்பு சொல்லி, நாங்கள் நிறுத்துவது. நிறுத்துவது தோல்வி இல்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள் வரவேண்டும்.

அம்பத்தூர், வியாழன் காலை

அப்படியென்றால் 'இடைநிறுத்த அறுவை'? என் ஊறுகாப்பை விட மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.

தாம்பரம், வியாழன் காலை

பள்ளியில் இடைநின்ற பிள்ளைகள் என்கிறோமே, அந்த வாடை வருகிறது. ஏன் நிறுத்துகிறோம் என்பதும் கூடவே வந்தால் அந்த வாடை போய்விடும்.

பெரம்பூர், வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. படிவத்தில் இப்படி எழுதிவிட்டேன்: 'உயிர்காக்க இடையில் நிறுத்தும் அறுவை'. கீழே ஒரு வாக்கியம்: 'உங்கள் உடல் தாங்காத நிலை வந்தால், ரத்தப்போக்கை மட்டும் நிறுத்திவிட்டு, உடல் தேறியபின் மீண்டும் அழைத்து வந்து மீதியை முடிப்போம், இடைப்பட்ட நேரத்தில் வயிறு தைக்கப்படாமல் இருக்கலாம்.' மாலை வார்டுக்குப் போய் வேறொரு வீட்டாரிடம் காட்டினேன். மகன் சத்தமாகப் படித்தார். கட்டிலில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "திரும்ப எப்ப முடிப்பீங்க?" என்றார். டாக்டர் அம்மா திங்களன்று எழுதிய 24, 48 மணி நேரத்தைச் சொன்னேன். சரி என்று கையை நீட்டினார், பேனாவுக்கு.

அம்பத்தூர், வியாழன் இரவு

படிவத்துக்குப் பொருந்தும். ஆனால் நான்கு சொல் சேர்ந்தது கலைச்சொல் ஆகாது, விளக்கம். நாளை இதைப் பாடநூலில் எப்படிப் புணர்த்துவீர்கள்? இதோடு ஒரு 'முறை'யும் 'கள்'ளும் சேர்த்துப் பாருங்கள். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். சேதம் தமிழ் என்பதையும்.

மயிலை, வெள்ளி காலை

பெரியவர் கேட்டது முற்றைத்தான். அந்த இரண்டாவது அறுவைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? 'மீளறுவை' என்றால் முதலாவது தவறிவிட்டது என்று ஆகும். 'முற்றறுவை' என்று ஒப்புக்கொண்டால், முன்னதற்கு 'எச்ச அறுவை' தானாக வந்து நிற்கும். அச்சுக்கு நேரமாயிற்று என்று தெரியும். இரண்டாம் பதிப்புக்காவது பாருங்கள்.